புலிக்குப் பல் நட்ட கதை

ஒரு காட்டில் ஒரு கால்நடை மருத்துவமனை இருந்தது. காட்டில் எதற்குக் கால்நடை மருத்துவமனை என்று கேட்கக் கூடாது. காட்டில் இருப்பவை எல்லாம் காலால் நடப்பவைதானே. பறப்பவைகூட டோக்கன் வாங்க நடந்துதான் வர வேண்டும்.

வனத்துறை எப்போதோ கைவிட்டுப்போன ஓய்வு விடுதியில் அந்த மருத்துவமனை நடந்து வந்தது. டாக்டர் பெயர் மரகதவல்லி. முள்ளம்பன்றி. ஊசிக்காக அது யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும்.

மரகதவல்லி நகரத்தில் படித்தது. படித்தது என்றால், ஒரு கால்நடைக் கல்லூரியின் சுவரோரம் வளை தோண்டி, வகுப்பறை சன்னலுக்கு அடியில் உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் காதால் கேட்டது. அங்கே அது கற்றுக்கொண்ட முதல் விஷயம் இது: நோயாளி பேசாது. மாடானாலும் நாயானாலும் கூட்டிக்கொண்டு வந்தவரைத்தான் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் சிகிச்சை. வேண்டாம் என்றால் இல்லை.

அந்தப் பாடத்தை அது அப்படியே காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்தக் காட்டில் எல்லா விலங்குகளும் பேசும் என்பது மரகதவல்லிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது பாடத்தில் இல்லை.

அந்தக் காட்டில் உக்கிரமூர்த்தி என்ற புலியும் இருந்தது. ஒரு காலத்தில் அதன் பெயரைக் கேட்டாலே மான்கள் மேய்ச்சலை விட்டு ஓடும். வயதாக ஆக அதற்குப் பல் விழத் தொடங்கியது. கடைசிப் பல் ஒரு காட்டுப்பன்றியின் தொடையோடு போயிற்று. பன்றி இன்றும் அதைத் தொடையிலேயே வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டித் திரிகிறது.

பல் போன புதிதில் உக்கிரமூர்த்தி கொஞ்ச நாள் துக்கமாக இருந்தது. பிறகு பசித்தது. மரத்தடியில் விழுந்து நசுங்கிக் கிடந்த அத்திப்பழத்தை நக்கிப் பார்த்தது. இனித்தது. ஓடையில் குட்டி மீன்கள் தாமாகவே வாய்க்குள் நீந்தி வந்தன. அடுத்த மழைக்குள் புலிக்குத் தொப்பை போட்டுவிட்டது. மத்தியானம் மல்லாந்து படுத்துத் தூங்கும். அதன் வாலின் மேல் தவளை உட்கார்ந்திருக்கும்.

மான்கள் முதலில் தூரத்தில் மேய்ந்தன. பிறகு பக்கத்தில் மேய்ந்தன. கலைமணி என்ற புள்ளிமான் ஒருநாள் துணிந்து வந்து, "அண்ணே, ஆடுபுலி ஆட்டம் தெரியுமா?" என்று கேட்டது.

"தெரியும். ஆனா நான் ஆட்டுப் பக்கம்தான் ஆடுவேன்" என்றது புலி.

"ஏண்ணே?"

"புலிக்காயைத் தொட்டா பழைய ஞாபகம் வருது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாறை மேல் கோடு கிழித்து இரண்டும் ஆடின. கலைமணி புலியாக இருந்து புலியாகிய உக்கிரமூர்த்தியின் ஆடுகளை வெட்டும். தோற்றாலும் உக்கிரமூர்த்திக்குச் சந்தோஷம்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு ஒரு நண்பன் கிடைத்திருந்தான்.

இதில் நொந்துபோனது ஒரே ஒரு பிராணி. சம்புலிங்கம் என்ற நரி. புலி தின்ற மிச்சத்தில் குடும்பம் நடத்தியது அது. இப்போது மிச்சம் விழுவது அத்திப்பழக் காம்பு. சம்புலிங்கம் இளைத்து, வால் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெற்குக் காட்டிலிருந்து ஒரு நாரை, காலில் முள் குத்தி மருத்துவமனைக்கு வந்தது. முள்ளை எடுக்கும்போது பேச்சுவாக்கில், "எங்க ஊர்ல புதுசா ஒரு வைத்தியம் வந்திருக்கு டாக்டர். ஈறுல ஓட்டை போட்டுப் பல் விதையை நடறாங்க. மூலிகைச் சாறு ஊத்தறாங்க. கொஞ்ச நாள்ல பல்லு முளைச்சிருது" என்றது.

மரகதவல்லி முள்ளை அப்படியே பிடித்தபடி நின்றது. "யாருக்குச் செஞ்சாங்க?"

"ஒரு முதலைக்கு."

"முளைச்சுதா?"

"முளைச்சுதாவா? விழுந்த இடத்துல எல்லாம் புதுசு புதுசா வந்துச்சு. நூத்துக்கு நூறு வெற்றி."

முதலைக்குப் பல் விழுந்தால் வைத்தியமே இல்லாமல் வேறு பல் முளைக்கும் என்பது மரகதவல்லிக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, அதை யோசிக்காமல் இருப்பதற்காக வேறு வேலை பார்த்தது. இத்தனை காலம் உண்ணி பிடுங்கியும் பேதிக்கு மருந்து கொடுத்தும் அதற்கு அலுத்துப் போயிருந்தது. நாரையிடமிருந்து ஒரு பொட்டலம் பல் விதை வாங்கி வைத்துக்கொண்டது.

விஷயம் சம்புலிங்கத்தின் காதுக்கு எட்டியது. நேராகப் புலியிடம் ஓடியது.

"எசமான், உங்க ஈறு கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு. டாக்டரம்மாகிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துரலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லையேப்பா."

"ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னாத்தானே எனக்கு நிம்மதி?"

நரிக்குத் தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று உக்கிரமூர்த்தி உருகிவிட்டது. கூடப் போயிற்று.

வாசலில் டோக்கன் கொடுக்கும் நர்ஸ் மைனா உட்கார்ந்திருந்தது. "பேரு?" என்று நரியைக் கேட்டது.

"உக்கிரமூர்த்தி" என்றது புலி.

"நீங்க பேசாதீங்க. கூட வந்தவர்தான் சொல்லணும்" என்றது மைனா.

"உக்கிரமூர்த்தி" என்றது நரி. மைனா எழுதிக்கொண்டது.

உள்ளே டாக்டர் மரகதவல்லி புலியைக் கட்டிலில் படுக்கவைத்து வாயைத் திறக்கச் சொன்னது. மூடாமல் இருக்க நடுவில் ஒரு குச்சியை நிறுத்தியது. பிறகு நரியின் பக்கம் திரும்பியது.

"பல் நட்டுடலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதுவரைக்கும் எந்தப் புலிக்கும் யாரும் செஞ்சதில்ல. வலி எவ்வளவு இருக்கும்னு தெரியாது. நட்டது சரியா வருமான்னும் தெரியாது."

"ஆ… ஆ… ஆஆ…" என்றது புலி.

"சரின்னு சொல்றார்" என்றது நரி.

"அவர் சொல்றது கணக்குல வராது. நீங்க சொல்லுங்க" என்றது மரகதவல்லி.

"எனக்குப் பூரண சம்மதம் டாக்டர். இவர் படற கஷ்டத்தைப் பார்க்க முடியல."

"ஆஆ! ஆஆ!" என்றது புலி.

மரகதவல்லி கையைப் பிசைந்தது. "பல் வந்தா இவருக்கு நல்லது. காட்டுல மத்தவங்களுக்கு?"

"டாக்டர், உங்ககிட்ட வைத்தியத்துக்கு வந்திருக்கறது புலியா, காடா?" என்றது நரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "புலிக்குப் பல் முளைக்க வெச்ச மொத ஆள் நீங்கதான்னு தெற்குக் காடு வரைக்கும் பேசுவாங்க" என்றது.

மரகதவல்லிக்குப் புல்லரித்தது. முள்ளம்பன்றிக்குப் புல்லரித்தால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. நரி சுவரோடு ஒட்டிக்கொண்டது.

ஆனாலும் அது மனசாட்சி உள்ள டாக்டர். புதுச் சிகிச்சை என்றால் நெறிமுறைக் குழுவைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றும் சன்னலடியில் கேட்டிருந்தது. அதற்காகவே காட்டில் ஒரு குழுவை வைத்திருந்தது. குழுவுக்குத் தலைவர் தாண்டவராயன் என்ற உடும்பு. ஒரு பதவியைப் பிடித்தால் விடாது என்பதால் தலைவர். உறுப்பினர்கள் மான் கலைமணி, காட்டுப்பன்றி, ஒரு முயல், ஒரு பிணந்தின்னிக் கழுகு.

குழு கூடியது. உடும்பு தொண்டையைச் செருமியது.

"முதல்ல விதியைச் சொல்லிடறேன். முடிவால யாருக்கு லாபமோ நஷ்டமோ வருமோ, அவங்க ஓட்டுப் போடக் கூடாது. நமக்கு நடுநிலைமை முக்கியம்."

கலைமணி எழுந்தது. "ஐயா, எனக்கு நஷ்டம்னு பெருசா இல்லை. உயிர்தான் போகும்."

"உயிர் போறது நஷ்டத்துலதான் வரும். வெளிய போங்க."

"எங்களைத்தானே அவர் தின்னுவார்? நாங்க சொல்லாம வேற யார் சொல்றது?"

"அதனாலதான் நீங்க சொல்லக் கூடாது. சொந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு எப்படி நியாயமா யோசிப்பீங்க?"

கலைமணி கதவைத் தள்ளியது. வெளியே போயிற்று. பன்றி தன் தொடையைக் காட்ட ஆரம்பித்ததும் அதையும் அனுப்பினார்கள். முயல் மட்டும் நகரவில்லை.

"என்னை அவர் ஒருநாளும் தின்னது கிடையாதுங்க. பல்லிடுக்குல மாட்டிக்குவேன்னு விட்டுருவார்."

"வரப்போறது புதுப் பல். இடுக்கு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? நீங்களும் கிளம்புங்க" என்றது உடும்பு. பிறகு கழுகைப் பார்த்தது. "உங்களுக்கு இதுல லாபம் உண்டா?"

கழுகு சிறகை மடித்துக்கொண்டது. "நான் யாரையும் கொல்றதில்ல. தானா கிடக்கறதைத்தான் திங்கறேன். அது எப்படி அங்க வந்து கிடக்குதுன்னு விசாரிக்கறதும் இல்ல."

"அப்ப நேரடி லாபம் இல்ல. உக்காருங்க."

கழுகு ஓட்டுப் போட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மனமும் ஒன்றுதான் இருந்தது.

மரகதவல்லிக்கு மனசு லேசாகிவிட்டது. தப்பாகப் போனால் குழு சொன்னது என்று சொல்லலாம். சரியாக வந்தால் தான் செய்தது என்று சொல்லலாம்.

உக்கிரமூர்த்தியை மயக்கி, ஈறு முழுக்க ஓட்டை போட்டு விதை நட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அது போட்ட கூச்சலில் காட்டில் பாதி கூடுகள் காலியாயின. காய்ச்சல் வந்தது. வாய் வீங்கியது. தண்ணீர்கூட இறங்கவில்லை. கலைமணி மருத்துவமனைப் பின்சுவருக்கு வந்து சன்னல் வழியாக, "அண்ணே, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகும். உள்ளே வர அதற்குத் தைரியம் இல்லை. போகாமல் இருக்கவும் மனசு இல்லை.

ஒருவழியாகப் பல் முளைத்தது. வெள்ளை வெளேரென்று, முன்பு இருந்ததைவிட இரண்டொன்று அதிகமாகவே முளைத்தது. பக்கத்துக் காடுகளிலிருந்து நாரைகளும் கரடிகளும் பார்க்க வந்தன. மரகதவல்லி குச்சியை நிறுத்திப் பல்லைக் காட்டியது. வந்தவர்கள் எல்லோரும் டாக்டரைப் பாராட்டினார்கள். "ஆஆ" என்றது புலி. அதையும் நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்றே சம்புலிங்கம் வந்து நின்றது.

"எசமான், ஓடைக்கு அந்தப் பக்கம் மான் கூட்டம் மேயுது. போகலாமா?"

"வேண்டாம்ப்பா. எனக்கு ரெண்டு அத்திப்பழம் போதும்."

ஆனால் அத்திப்பழம் கோரைப்பல்லில் குத்திக்கொண்டு நின்றது. நாக்கால் தள்ளினால் நாக்கு கிழிந்தது. குட்டி மீன்கள் பல் வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டன. வெறும் வயிற்றோடு உக்கிரமூர்த்தி சாயங்காலம் பாறைக்குப் போனது.

கலைமணி வந்திருந்தது. பாறையின் அந்த ஓரத்தில்தான் நின்றது. ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டே புலி காய்களை நகர்த்தியது. கொஞ்ச நேரத்தில் பயம் போய் இரண்டுக்கும் ஆட்டம் சூடு பிடித்தது. கடைசியில் கலைமணியின் மூன்று புலிக்காயும் நகர வழியில்லாமல் ஆடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. உக்கிரமூர்த்தி முதல் தடவையாக ஜெயித்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் வாயைத் திறந்து கடகடவென்று சிரித்தது.

கலைமணி அந்தப் பல்லைப் பார்த்தது. மூளை யோசிப்பதற்குள் கால்கள் முடிவெடுத்துவிட்டன. காய்கள் சிதற ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஓடியது.

"கலைமணி! சிரிச்சேன்ப்பா! சிரிச்சேன்!" என்று கத்தியது புலி.

கத்தும்போதே அது ஒன்றைக் கவனித்தது. ஓடுகிற மானைப் பார்த்ததும் தன் பின்னங்கால்கள் தாமாகவே மடங்கிப் பாயத் தயாராகி நின்றன. வாயில் எச்சில் ஊறியிருந்தது. உக்கிரமூர்த்திக்கு வாழ்க்கையில் அப்படியொரு பயம் வந்ததில்லை. பக்கத்திலிருந்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மான் கண்ணுக்கு மறையும்வரை விடவேயில்லை.

அடுத்த நாள் அது தனியாக மருத்துவமனைக்குப் போயிற்று.

"கூட யார் வந்திருக்காங்க?" என்றது மைனா.

"யாரும் வரல."

"கூட ஆள் இல்லாம டாக்டர் பார்க்கமாட்டாங்க."

புலி மரியாதைக்காக ஒரு புன்னகை புரிந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்றது மைனா, டோக்கன் பலகைக்கு அடியிலிருந்து.

பல்லையெல்லாம் எடுத்துவிடச் சொன்னதும் மரகதவல்லிக்கு முகம் வாடிவிட்டது. தெற்குக் காட்டிலிருந்து இன்னும் ஒரு பெரிய கூட்டம் பல்லைப் பார்க்க வருவதாக இருந்தது.

"நட்ட பல்லைப் பிடுங்கினதா எங்கயும் கேள்விப்பட்டதில்ல ஐயா. அதுவும் புதுச் சிகிச்சைதான். குழுவுக்குப் போகணும்" என்றது.

குழு மறுபடியும் கூடியது. பல்லைப் பிடுங்கினால் மானுக்கும் பன்றிக்கும் முயலுக்கும் லாபம் என்பதால் மூன்றையும் உடும்பு வெளியே அனுப்பியது. கூட்டிக்கொண்டு வந்தவர் என்ற முறையில் நரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "முளைச்ச பல்லைப் பிடுங்கறது மகா பாவம்" என்று அது கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஓட்டுப் போடக் கழுகு சிறகைத் தூக்கியது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உக்கிரமூர்த்தி உள்ளே வந்தது.

"நோயாளி பேச விதியில இடமில்ல" என்றது உடும்பு.

"பேச வரல. ஒரு சந்தேகம் கேட்கலாமா? நான் கழுகு தின்னுவேனா?"

"இதுவரைக்கும் தின்னதில்லையே" என்றது கழுகு.

"இதுவரைக்கும் சரி. இப்ப வந்திருக்கறது புதுப் பல். இது என்ன கேக்கும்னு எனக்கே தெரியல" என்றது புலி. மிரட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னது. அதனால்தான் கேட்டவர்கள் வெளியே போக வழி எங்கே என்று பார்த்தார்கள்.

கழுகு உடனே எழுந்தது. "இந்த முடிவால எனக்கும் பாதிப்பு வரும்போல இருக்கு. விதியை மதிச்சு வெளியேறுகிறேன்" என்று சன்னல் வழியாகப் பறந்தது.

புலி உடும்பின் பக்கம் திரும்பியது. எதையும் பிடித்தால் விடாத தாண்டவராயன் அன்றுதான் முதல் தடவையாகப் பிடியை விட்டது. "நடுநிலைமை கருதித் தலைவரும் விலகுகிறார்" என்ற குரல் கூரை மேலிருந்து கேட்டது. சம்புலிங்கத்தை அதற்கு முன்பே காணவில்லை.

அறையில் டாக்டரும் நோயாளியும் மட்டும் இருந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. மரகதவல்லி புலியின் பல்லைப் பார்த்தது. தான் நட்ட பல். அத்தனையும் எடுப்பாகத்தான் இருந்தது.

"ஐயா…" என்று மெல்ல ஆரம்பித்தது. "நீங்க… நீங்க என்ன நினைக்கிறீங்க?"

உக்கிரமூர்த்தி திகைத்து நின்றது. இந்தக் கட்டிடத்துக்குள் அதை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. பல் போன துக்கத்தைச் சொன்னது. நசுங்கின அத்திப்பழத்தின் ருசியைச் சொன்னது. வாலில் உட்காரும் தவளையைப் பற்றிச் சொன்னது. கலைமணி ஓடியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. "ஓடினது அவன். ஆனா பயந்தது நான்தாம்மா. என் காலே எனக்குக் கட்டுப்படல" என்றது.

மரகதவல்லி முதலில் பயத்தில்தான் கேட்டது. போகப் போகப் பயம் மறந்து கேட்டது. சிலிர்த்து நின்ற முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"இதெல்லாம் முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?"

"வாயில குச்சி இருந்துச்சும்மா."

மரகதவல்லி தலையைக் குனிந்துகொண்டது. குனிந்தபடியே, "அந்த முதலைக்கு வைத்தியம் இல்லாமலேயே பல் முளைக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றது.

"சரிங்க ஐயா. எல்லாத்தையும் எடுத்துரட்டுமா?"

உக்கிரமூர்த்தி 'ஆமாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. திறந்தவுடன் டாக்டர் அரை அடி பின்வாங்கியதைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு யோசித்தது.

"ஒண்ணை மட்டும் விட்டுருங்க" என்றது.

"எதுக்கு?"

"அடுத்த தடவையும் நீங்க கேக்கணும்ல?"

அப்படியே செய்தார்கள். மேல் வரிசையில் ஓரமாக, வாயை மூடினாலும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோரைப்பல் மிஞ்சியது. அத்திப்பழத்தை அதற்கு எதிர்ப்பக்கமாக வைத்து மென்றால் தொந்தரவு இல்லை. கலைமணி சில நாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது. பல் இல்லாத பக்கமாகத்தான் உட்காரும். சம்புலிங்கம் தெற்குக் காட்டுக்குக் குடிபெயர்ந்து அந்த முதலைக்குச் சேவகம் செய்யப் போனது. நெறிமுறைக் குழு மறுபடி கூடி, நடந்தது எதுவும் தன் முன்னால் நடக்கவில்லை என்று தீர்மானம் போட்டது.

அதன் பிறகு ஒருநாள் முயலுக்குக் காதில் கட்டி வந்தது. அது நேராக மருத்துவமனைக்குப் போகவில்லை. உக்கிரமூர்த்தியிடம் வந்து, "அண்ணே, ஒரு உதவி. சும்மா கூட வந்து பெஞ்சுல உக்காருங்க. நடுவுல ஒரு கொட்டாவி விட்டா போதும்" என்றது.

புலி போய் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. மைனா முயலையே பார்த்துப் பெயரைக் கேட்டது. டாக்டர் மரகதவல்லி ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "உனக்கு இது வேணுமாப்பா, வேண்டாமா? யோசிச்சுச் சொல்லு" என்று பொறுமையாகக் கேட்டது. முயலுக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்தி காடெங்கும் பரவியது. இப்போது அந்தக் காட்டில் டாக்டரைப் பார்க்க டோக்கன் சுலபமாகக் கிடைக்கிறது. கூட வரப் புலி கிடைப்பதற்குத்தான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

நீதி: எந்தப் புதுச் சிகிச்சைக்கும் முன்னால் நோயாளியின் சம்மதத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். கேட்கவைக்கும் பல் நோயாளிக்கு இல்லாவிட்டால், முதலில் கேட்காமல் பல்லை நட்டுவிட்டு, பல் வேண்டுமா என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.